சரணத்தில் நின்ற பாட்டு

இப்போது பாடகர்கள் பலர் மேடையில் சுருதிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட்டைச் சாய்த்து வைத்துக்கொள்கிறார்கள். பாட்டின் வரிகள் அதில் தெரிகின்றன. போன மார்கழியில் ஒரு கச்சேரி கேட்டுவிட்டு வெளியே வந்தபோது வயலின் வாசிக்கும் பெண்கள் சிலர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் நாளில் இதெல்லாம் கிடையாதே, பாடகர் வரியை மறந்துவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். ஆட்டோ காத்திருந்ததால் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

என் பெயர் எஸ்தர். ராயபுரத்தில் வளர்ந்தவள். நாசரேத் பக்கத்திலிருந்து வந்து இங்கே கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்தவர் என் அப்பா. ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்கட்டும் என்று எனக்கு வயலின் வாங்கிக் கொடுத்து, யானைக்கவுனியில் ஒரு வாத்தியாரிடம் சேர்த்துவிட்டார். அந்த வாத்தியார் எனக்குக் கர்நாடக சங்கீதத்தைச் சொல்லிக் கொடுத்தார். அப்பா அதைக் கண்டுபிடிப்பதற்குள் நான் வர்ணங்களைத் தாண்டிக் கீர்த்தனைகளுக்குப் போய்விட்டேன். பகலில் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், மாலையில் பக்கவாத்தியம். இடது தோள் இனி முடியாது என்று சொல்லும்வரை அப்படியே ஓடியது என் உத்தியோக வாழ்க்கை.

நான் நல்ல பக்கவாத்தியக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. தனிக் கச்சேரி செய்யச் சொல்லிப் பலர் கூப்பிட்டார்கள். எனக்குப் பிடித்தது இன்னொருவர் பாட, அவர் அடுத்து எங்கே போவார் என்று பார்த்துக்கொண்டே கூடப் போவதுதான். அந்த வேலையை நான் அதிகம் கற்றுக்கொண்டது காலடிப்பேட்டையில்.

காலடிப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து மார்கழியில் பத்து நாள் கச்சேரி வைப்பார்கள். வட சென்னையில் கச்சேரியா, யார் வருவார்கள் என்று தெற்கே கேட்பவர்கள் உண்டு. வருவார்கள். துறைமுகத்தில் ஷிப்ட் முடித்தவர்கள், எண்ணூர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், மளிகைக் கடைக்காரர்கள் குடும்பத்தோடு, மீன் வியாபாரத்தை முடித்துக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வரும் பெண்கள். முன்வரிசையில் உட்காரும் பெண்கள் சிலர் ஆலாபனையில் முதல் பிடி விழுந்ததும் ராகத்தின் பெயரைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுவார்கள்.

எல்லாவற்றையும் நடத்தியவர் சபாவின் செயலாளர் முனிரத்தினம். திருவொற்றியூரில் மீனவர் குப்பத்துக்காரர், விசைப்படகு வைத்திருந்தார். நடுக்கடலில் வலையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் டிரான்சிஸ்டரில் கேட்டுக் கேட்டே அவருக்கு ராகங்கள் பிடிபட்டிருந்தன. கச்சேரியின்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பக்கவாட்டுக் கதவருகே, சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நிற்பார். ஆலாபனை தொடங்கினால் மேடை மேல் இருக்கும் மின்விசிறியை நிறுத்துவார். வடக்கிலிருந்து காற்று திரும்பித் தொழிற்சாலை நெடி வந்தால் தானே போய் ஜன்னல்களைச் சாத்துவார். யாரையும் பாராட்ட மாட்டார். மறுநாள் காலையில் போன் வரும். "இன்னா பிடிலம்மா, நேத்து தோடில ரெண்டாந்தடவ மேல போனியே, அது இன்னாத்துக்கு?" என்று கேட்பார். நான் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சரியாக இருந்தால் "செரி" என்று வைத்துவிடுவார்.

முதல் வருடம் அங்கே வாசிக்கப் போன அன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் அடைத்து நின்றுவிட்டன. ஆட்டோவை விட்டு இறங்கி, வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே நடந்து போய்ச் சேர்ந்தேன். கச்சேரி தொடங்கியிருந்தது. வயலின் இல்லாமல், மிருதங்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாடகர் வர்ணம் பாடிக்கொண்டிருந்தார். மேடைப் படியில் கால் வைத்த என்னை முனிரத்தினம் கையைக் காட்டி நிறுத்தினார். பாட்டு முடியும்வரை புடவை நனைந்த வியர்வையோடு அவர் பக்கத்திலேயே நின்றேன். கைதட்டல் வந்த பிறகுதான் வழிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பாட்டுக்கு நடுவில் ஒருவர் நாற்காலியை இழுத்தாலும் என் கவனம் எப்படிச் சிதறும் என்பதும் எனக்குத் தெரியும். அடுத்த ஆண்டிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கே காலடிப்பேட்டைக்குப் போய்விடுவேன். கடல் காற்றில் தந்திகள் துருப்பிடிக்கும், சுருதி இறங்கும். முன்னாலேயே போய் வாத்தியத்தை அந்தக் காற்றில் வைத்து, இரண்டு மூன்று முறை சுருதி சேர்த்தால்தான் நிற்கும். அவர் என்னை நிறுத்தியதால் கிடைத்த பழக்கம் அது.

இன்னொரு வருடம், தெற்கிலிருந்து வரவிருந்த பெரிய பாடகர் ஒருவர், பெண் வயலின் வேண்டாம், ஆளை மாற்றுங்கள் என்று சொல்லியனுப்பினார். முனிரத்தினம் எனக்குச் சொல்லவில்லை. அவரே போன் போட்டு, எங்கள் ஊரில் எங்கள் வயலின்தான், இஷ்டமில்லையென்றால் வேறு பாடகரைப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார். பாடகர் வந்தார். முதல் அரைமணி நேரம் என் பக்கமே திரும்பவில்லை. கல்பனாஸ்வரத்தில் நான் கொடுத்த பதில்களுக்குப் பிறகு திரும்ப வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் அவரே என்னைக் கேட்டு வாங்கினார்.

நான் சொல்ல வந்தது அருணகிரி ஐயாவைப் பற்றி.

ஐயா ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் இருந்தவர். நாகஸ்வரக்காரரின் மகன். காலடிப்பேட்டையில் முதல் நாள் கச்சேரி எப்போதும் அவருடையதுதான். எழுபதைத் தாண்டியும் குரலில் பிசிறு கிடையாது. அந்த வருடம் அவருக்குப் பட்டம் கொடுப்பது என்று சபா முடிவு செய்திருந்தது. அதனால் முதல் நாளும் அவர், பட்டம் வாங்கும் கடைசி நாளும் அவர் பாடுவதாக ஏற்பாடு.

பாடகரின் இடது கைப்பக்கம் வயலின். அங்கிருந்து எனக்கு அவருடைய பாதி முகமும் தொண்டையும் தெரியும். மூச்சு எடுப்பதற்கு முன் தொண்டைக்குழி லேசாக அசையும். அதைப் பார்த்தே அடுத்த வரியை எடுக்கப்போகிறாரா, இதே வரியில் இன்னொரு சங்கதி போடப்போகிறாரா என்று தெரிந்துவிடும். பாட்டில் நான் அவர் நிழல். அவர் வரியை எடுத்த பிறகுதான் வில் தந்தியில் விழ வேண்டும், ஆனால் விழுந்தது பின்னால் என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது. பாடகர் தடுமாறினால் பாடிய வரியையே ஒரு தடவை வாசித்து அவருக்கு நேரம் கொடுப்போம். அதுவும் போதவில்லையென்றால் அடுத்த வரியின் மெட்டைத் தொடங்கிக் காட்டுவோம். மெட்டு காதில் விழுந்தால் சொல் தானாக வந்துவிடும். வயலின் பக்கத்தில் இருப்பதே பாதி அதற்குத்தான்.

முதல் நாள், மேடைக்குப் போகுமுன், ஐயா என்னிடம் அப்பா சௌக்கியமா என்று கேட்டார். அப்பா இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அடக்கத்துக்கு ஐயாவே வந்து கல்லறைத் தோட்டம்வரை நடந்திருக்கிறார். நான் மெல்ல நினைவுபடுத்தினேன். ஆமாம் ஆமாம் என்றார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். கச்சேரிக்கு முன்னால் மனசு வேறெங்கோ இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றைய பிரதானப் பாட்டு காம்போதியில். ஆலாபனையில் ஒரு குறையும் இல்லை. பல்லவி, அனுபல்லவி இரண்டும் சங்கதி சங்கதியாக வந்தன. சரணத்துக்கு முன்னால் தொண்டைக்குழி அசைந்தது. குரல் வரவில்லை. அனுபல்லவியையே மறுபடி எடுத்தார். நானும் கூடப் போனேன். முடித்து நிறுத்தினார். இப்போது சரணத்தின் தொடக்க மெட்டை வாசித்தேன். அவர் வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. மிருதங்கம் தாமோதரன் என்னை நிமிர்ந்து பார்த்தார். மெட்டை இன்னும் அழுத்தமாக இரண்டாவது முறை வாசித்தேன். ஐயா என் பக்கம் திரும்பினார். என்னை முன்பின் பார்த்திராதவர் பார்ப்பது போல இருந்தது.

சபையில் நாற்காலிகள் அசையும் சத்தம் கேட்டது. வயலின் சொல்ல முடிந்ததையெல்லாம் சொல்லியாகிவிட்டது. வில்லைத் தூக்கிக்கொண்டு, சரணத்தின் முதல் வரியை நான் வாயால் பாடினேன். மைக்கில் ஏறிவிடாமல், அவருக்கு மட்டும் கேட்க வேண்டும் என்று அடிக்குரலில் பாடினேன். முன்வரிசைக்கும் கேட்டது. பக்கவாத்தியம் வாயைத் திறப்பது மரியாதை இல்லை என்பார்கள். யோசிக்க அங்கே இடமில்லை. நான் இரண்டாவது சொல்லுக்குப் போவதற்குள் ஐயா பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் கச்சேரி தடையின்றி முடிந்தது.

ஐயா யாரிடமும் பேசாமல் காரில் ஏறிவிட்டார். அவர் மகள் கோமதி மட்டும் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சில மாதங்களாகவே இப்படி இருக்கிறது, டாக்டர் பார்த்துவிட்டார், மறதி நோயின் ஆரம்பம் என்கிறார், சீசன் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார் என்றாள். அவள் அழவில்லை. களைத்துப்போயிருந்தாள்.

மறுநாள் சபாக் கமிட்டியில் பேச்சு எழுந்தது. கடைசி நாள் பட்டத்தை மட்டும் கொடுத்துவிடலாம், பாட்டுக்கு வேறு ஒருவரைப் போடலாம், போனில் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்றார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அத்தனை பேர் முன்னால் அவர் இன்னொரு முறை அப்படி நின்றுவிடக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை. முனிரத்தினம் போன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஒர்த்தர வேணாம்னு சொல்றதா இருந்தா அவுரு வூட்டுக்குப் போயி, அவுரு மூஞ்சப் பாத்து சொல்லணும்," என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கூட வரச் சொன்னார். மேடையில் நடந்தது எனக்குத்தான் முழுவதும் தெரியும் என்பது அவர் கணக்கு.

ஐயா மாடி வீட்டில் ஈஸிசேரில் உட்கார்ந்திருந்தார். கோமதி காபி கொண்டுவந்து வைத்தாள். முனிரத்தினம் சுற்றி வளைக்கவில்லை.

"ஐயா, அன்னிக்கி சரணம் வர்ல. கடைசி நாளு நீங்க பாடறதா வேணாமான்னு கமிட்டில பேசிகினு கீறாங்க. உங்களுக்குத் தெரியாம பேசறது எனுக்குப் புடிக்கல. அதான் வந்தேன்."

ஐயா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. நீ வாயால பாடறதுக்கு முன்னாடி வயலின்ல எடுத்துக் குடுத்தியா?"

"ரெண்டு தரம் வாசிச்சேன் ஐயா."

"நீ பாடினதுதான் எனக்குக் கேட்டது. வாசிச்சது கேக்கவே இல்ல."

கோமதி போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். சிஷ்யன் ஒருவனைப் பின்னால் உட்கார வைத்துக் கூடப் பாடச் சொல்லலாமே என்று முனிரத்தினம் கேட்டார். தன் கச்சேரியை இன்னொருவன் இழுத்துக்கொண்டு போக வேண்டாம் என்றார் ஐயா. புத்தகம் வைத்துக்கொள்ளலாமே என்றாள் கோமதி. புத்தகத்தில் எந்த வரியில் இருக்கிறேன் என்று நினைவு வைப்பதும் நினைவுதானே என்றார். குரலில் கோபம் இல்லை. எல்லாவற்றையும் அவர் ஏற்கெனவே தனக்குள் யோசித்துப் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. ராகங்கள் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கின்றன, வார்த்தைதான் கூப்பிட்டால் வருவதில்லை என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு வழி தெரிந்தது.

"அப்ப வார்த்தைய விட்டுடுங்க ஐயா. கீர்த்தனையே வேண்டாம். ராகம் தானம் பல்லவி மட்டும் பாடுங்க. வரி ஒண்ணுதான். அந்த ஒண்ணை நாம பத்திரமா வச்சுக்கலாம்."

இந்தப் பல்லவி கீர்த்தனையின் முதல் பகுதி அல்ல, கச்சேரியில் கடினமான அங்கம். பெரிய வித்வான்களே ஒரு மணி நேரத்துக்கு மேல் அதை நீட்ட யோசிப்பார்கள். ஆனால் அதில் சாகித்யம் ஒரே ஒரு வரி. மற்றதெல்லாம் ராகமும் தாளமும் கற்பனையும். ஐயாவிடம் மிச்சமிருந்தது எதுவோ அதைத்தான் பல்லவி கேட்கிறது.

"ரெண்டு மணி நேரமும் ஒரே வரியா?" என்றார் முனிரத்தினம். "ஜனம் குந்திகினு இருக்குமா?"

ஐயா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "நீ நிப்பியா முனிரத்தினம்?"

"நான் எப்பவும் நின்னுகினுதான கீறேன்."

"அது போதும்."

கமிட்டியில் இரண்டு பேர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஏதாவது ஆனால் பழி தன்மேல் என்று முனிரத்தினம் சொல்லி முடித்துவிட்டார்.

இடையில் இருந்த நாட்களில் தினமும் காலையில் நானும் தாமோதரனும் ஐயா வீட்டுக்குப் போனோம். ராகம் பைரவி. வரியை ஐயாவே கட்டினார்: 'கரை தொடும் அலையெல்லாம் நின் பெயர் சொல்லுதே.' தாளம் தொடங்கும் இடத்தில் வரி தொடங்காது, கொஞ்சம் தள்ளித்தான் எடுப்பு. ஆலாபனையும் தானமும் நான் அதுவரை கேட்டிராத அளவுக்கு நன்றாக வந்தன. வரியையும் விடாமல் பிடித்துக்கொண்டார். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பல்லவிக்கு நடுவில் மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் உண்டு. தாமோதரன் பத்துப் பதினைந்து நிமிடம் தனியாக வாசித்து, மூன்று முறை திரும்ப வரும் கடைசிக் கோர்வையை முடிக்கும்போது பாடகர் சரியாக எடுப்பில் வரியைப் பிடிக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க அவர் வாயில் பாட்டு இல்லை. ஒரு நாள் கோர்வை முடிந்ததும் ஐயா தாளத்தை நிறுத்திவிட்டு, அடுத்தது என்ன என்று எங்களைக் கேட்டார்.

தனியை விட்டுவிடலாம் என்றார் தாமோதரன். அதைச் சொன்னவர் மிருதங்கக்காரர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். தனி ஆவர்த்தனம்தான் அவருடைய கச்சேரி. ஐயா கேட்கவில்லை. "தனி இல்லாம என்ன பல்லவி? நீ வாசி. நான் வந்துடறேன்," என்றார். கிளம்பும்போது படிக்கட்டில் நானும் தாமோதரனும் பேசி வைத்துக்கொண்டோம். தனி முழுவதும் வரியை நான் மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருப்பது, ஐயா வராவிட்டால் எடுப்பில் நான் பலமாக வாசித்துவிடுவது, அதுவும் பலிக்காவிட்டால் பாடிவிடுவது.

கடைசி நாள் மண்டபம் நிறைந்திருந்தது. முதல் நாள் நடந்தது ஊருக்குள் பரவியிருந்ததால் வந்தவர்களும் இருந்திருப்பார்கள். முனிரத்தினம் வழக்கம்போல் ஆறு மணிக்குத் திரையை விலக்கிவிட்டுக் கதவருகே போய் நின்றார். ஐயா கண்ணை மூடிக்கொண்டு பைரவியைத் தொடங்கினார்.

அந்த ஆலாபனையைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. அவர் முடித்தபோது என் முறை. நான் நன்றாகவே வாசித்தேன். தானத்தில் அவரும் நானும் மாறி மாறிப் போனபோது முன்வரிசையில் மீன்காரப் பெண்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு வரி. கீழ்க் காலம், மேல் காலம், நிரவல், ஸ்வரம். எத்தனையோ முறை அந்த வரி வந்து போயிற்று. ஒரு முறைகூடச் சொல் நழுவவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை.

தனி தொடங்கியது. தாமோதரன் வாசிக்க வாசிக்க நான் வரியை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே ஐயாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாளம் போடும் கை சரியாக இருந்தது. கண் எங்கேயோ இருந்தது. நேரம் ஆக ஆக அந்தப் பார்வை எனக்குப் பயத்தைக் கொடுத்தது. காம்போதி அன்று என்னைப் பார்த்த பார்வையும் அதுதான். கோர்வை வந்தது. முதல் தடவை. இரண்டாம் தடவை. வில்லைத் தூக்கித் தந்திக்கு மேல் தயாராகப் பிடித்துக்கொண்டேன். உதடு அசைகிறதா, தொண்டைக்குழி அசைகிறதா என்று அதையே பார்த்தேன். மூன்றாம் தடவை மிருதங்கம் முடித்து நின்றது.

'கரை தொடும்' என்று ஐயாவின் குரல் எழுந்தது. மயிரிழை தப்பாமல் எடுப்பில் விழுந்தது.

என் வில் இன்னும் மேலேயே இருந்தது. அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் வரியை நான் விட்டுவிட்டேன். 'அலையெல்லாம்' என்ற இடத்தில்தான் போய் ஒட்டிக்கொண்டேன். ஐயா தாளத்தை விடாமல் என் பக்கம் குனிந்தார். "எங்கம்மா போயிட்டே?" என்றார். மைக் அதைப் பிடித்துச் சபை முழுவதற்கும் சொல்லிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், தாமோதரன் உட்பட. கதவருகே முனிரத்தினம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தேன். சிரிப்பா அழுகையா என்று அவரிடம் நான் கேட்டதில்லை.

பட்டத்தை வாங்கிக்கொண்டு ஐயா மைக்கில் இரண்டு வாக்கியம் பேசினார். தனக்கு மறதி வந்திருக்கிறது, இதற்குமேல் மேடை ஏறப்போவதில்லை என்பது ஒன்று. இந்த மண்டபத்தில் முடித்ததில் சந்தோஷம் என்பது மற்றொன்று. யாரோ தூண்டிச் சொன்னதல்ல, கோமதிக்கே அது புதிது. மறுநாள் காலை முனிரத்தினம் போன் செய்தார். ஏன் அந்த இடத்தில் விட்டாய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "நல்லா இருந்துச்சு பிடிலம்மா," என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

ஐயா அதற்குப் பிறகு சில வருடங்கள் இருந்தார். நான் அடிக்கடி போய்வருவேன். பெயர்கள் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயின. என் பெயரும் போயிற்று. வாங்கிய பட்டத்தின் பெயரும் போயிற்று. ஆனால் வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தனி முடிந்து தான் எடுப்பில் சரியாக வந்ததாகவும், வயலின்காரம்மா கோட்டைவிட்டுவிட்டதாகவும். சில நாள் நானே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, நான் யார் என்று தெரியாமல் என்னிடமே சொல்லிச் சிரிப்பார்.

ஒவ்வொரு முறையும், ஆமாம் ஐயா, அவங்க விட்டுட்டாங்க, நீங்கதான் சரியா வந்தீங்க என்று சொல்வேன்.